திறமை என்ற பெயரில் ஒரு சூது

 

 

சூதாட்டம் ஹறாம் என்பதை இப்பகுதியில் அறியாதவர் எவருமில்லை. மத்ரஸாவில் ஓதும் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆதலால் அதனை மட்டும் மீண்டுமொரு முறை சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நான் இன்று வரவில்லை. ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்றிரவு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்ல முனைகிறேன். அவனுடைய அனுமதியைப் பெற்றே பேசுகிறேன். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில் அவன் எவ்வூரவன் என்பதை மட்டும் கேட்காதீர்கள்.

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகள் அணைக்கப்படும் நேரம் அது. கையில் ஒரு கொப்பியோடு அவன் வந்தான். கணிதத்தில் கெட்டிக்காரன். க.பொ.த. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவன். கொப்பியைத் திறந்து காட்டினான். பதின்மூன்று நிரை, பதின்மூன்று நிரல், மொத்தம் 169 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எழுத்தும் ஒரு வீதமும். “மௌலவி, இது இணையத்தில் விளையாடும் போக்கர். இதில் அதிர்ஷ்டத்தை நம்புகிறவன் தோற்பான், கணக்குத் தெரிந்தவன் வெல்வான். பலமான கடதாசி கைக்கு வந்தால் அதனை எப்படிப் பாதுகாப்பது என்பதற்கு முறை இருக்கிறது. முறை தெரிந்து விளையாடினால் அது எப்படிச் சூதாகும்?” என்று கேட்டான்.

நேயர்களே, இந்தக் கேள்வியைக் கோபத்தால் அடக்கிவிடுவது எளிது. ஆனால் அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறுத்தோமானால் மறுபாதியைப் பற்றி நாம் சொல்வதை அவன் செவிமடுக்க மாட்டான். ஆகவே அவன் எனக்குக் கற்றுத் தந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டு யாரும் விளையாடப் பழகிவிட மாட்டார்கள். தம் வீட்டில் நடப்பது என்னவென்று பெற்றோர் விளங்கிக்கொள்வார்கள் என்றே எதிர்பார்க்கிறேன்.

இவ்விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் பிறர் அறியாதவாறு இரண்டு கடதாசிகள் கொடுக்கப்படும். பின்னர் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து கடதாசிகள் மேசையில் திறக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, இறுதியாக ஒன்று. இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் நடுவில் குவிந்த பணத்தை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றிக் கட்டலாம், அல்லது கடதாசியைப் போட்டுவிட்டு விலகலாம். 52 கடதாசிகளில் முதலிரண்டு கடதாசிகள் 1326 வகையாக அமைய முடியும். அவற்றுள் தலைசிறந்தது இரண்டு ஆசு ஒன்றாக வருவது. 221 தடவைக்கு ஒரு தடவைதான் அது வரும்.

இரண்டு ஆசு வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் எதிர்த்தால், முன்னவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 85. இருவர் எதிர்த்தால் 73. மூவர் எதிர்த்தால் 64. ஐவர் எதிர்த்து நின்றால் 49, அதாவது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கடதாசி மாறவில்லை, கூட்டம் மட்டுமே கூடியிருக்கிறது. எனவே பலமான கடதாசி கிடைத்தவர் ஆரம்பத்திலேயே பெருந்தொகையை ஏற்றிக் கட்டி மற்றவர்களை விரட்டிவிட வேண்டும், ஒருவரோ இருவரோ மட்டும் எதிரே நிற்கும்படி செய்ய வேண்டும். கடதாசியைப் பாதுகாத்தல் என்பதன் முதற்பாடம் இதுவே.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. நடுவில் 1000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கடதாசிகள் திறக்கப்பட்டுவிட்டன, இன்னும் ஒன்றுதான் மிச்சம். உங்கள் கை பலமானது. எதிரே இருப்பவரிடம் ஒரே சின்னத்தில் நான்கு கடதாசிகள் சேர்ந்திருக்கின்றன, ஐந்தாவது வந்துவிட்டால் அவர் வென்றுவிடுவார். அவர் காணாத கடதாசிகள் 46. அவற்றில் அவருக்கு உதவக்கூடியவை 9. நீங்கள் 500 ரூபா கட்டுகிறீர்கள். அவரும் 500 கொடுத்துத் தொடர்கிறார். இதே நிலை 46 தடவை வந்தால், 9 தடவை 1500 ரூபா வீதம் 13,500 ரூபா அவருக்கு வரும். 37 தடவை 500 ரூபா வீதம் 18,500 ரூபா அவரிடமிருந்து போகும். முடிவில் அவருக்கு 5000 ரூபா நட்டம்.

நீங்கள் 500க்குப் பதிலாக 100 ரூபா மட்டும் கட்டியிருந்தாலோ, 9 தடவை 1100 வீதம் 9900 அவருக்கு வரும், 37 தடவை 100 வீதம் 3700 மட்டுமே போகும். அவருக்கு 6200 ரூபா இலாபம். ஆகவே எதிரியின் எதிர்பார்ப்புக்கு என்ன விலை குறிப்பது என்பதே இக்கலை.

நான் கணித ஆசிரியன் அல்லன். வீட்டுக்குச் சென்று இக்கணக்கை மூன்று தடவை தாளில் எழுதிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. அம்மாணவன் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது தடவை எழுதும்போதுதான் என் மனதில் ஒன்று உறைத்தது. அதனைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மார்க்கத்தின் பார்வையைக் காண்போம். அல்குர்ஆன் சூதாட்டத்துக்கு ‘மைஸிர்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அறியாமைக் கால அறபிகளிடையே மைஸிர் எப்படி நடந்தது என்பதைத் தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கியுள்ளனர். ஓர் ஒட்டகத்தைக் கடனுக்கு வாங்கி அறுப்பார்கள். பத்து அம்புகளை ஒரு பையில் இட்டுக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு, மூன்று அம்புகளுக்கு ஒன்றுமில்லை. வெற்றம்பு எவர் பெயருக்கு வந்ததோ அவர் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த வேண்டும். வென்றவர்களோ தமக்குக் கிடைத்த இறைச்சியைத் தாம் உண்ண மாட்டார்கள். ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு அதனைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஏழையின் வயிறு நிறைந்த ஒரு விளையாட்டு அது. ஸூறத்துல் பகறாவின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை, அவற்றின் பாவமே பயனிலும் பெரிது என்று தீர்த்துச் சொல்கிறது. பின்னர் ஸூறத்துல் மாயிதாவின் 90ஆம், 91ஆம் வசனங்கள் முற்றாகத் தடைவிதித்தன. அத்தடைக்குச் சொல்லப்படும் காரணங்களை ஊன்றிக் கவனியுங்கள். ஷைத்தான் இவற்றைக் கொண்டு உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் மூட்ட விரும்புகிறான், அல்லாஹ்வின் நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுக்க விரும்புகிறான் என்பதே அங்கு சொல்லப்படும் கருத்து. வென்றவன் திறமையால் வென்றானா குருட்டுவாக்கில் வென்றானா என்ற விசாரணை அங்கு இல்லை.

“அப்படியானால் திறமைக்கு இடமே இல்லையா?” என்று இளைஞர் கேட்கலாம். நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களைப் புரட்டினால், நம் இமாம்கள் இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்திருப்பதைக் காணலாம். சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குலுக்கலும் இல்லை, மறைத்து வைத்த கடதாசியும் இல்லை, முழுவதும் மதிநுட்பமே. நம் மத்ஹபில் பணயம் இல்லாமல் அதனை விளையாடுவது மக்ரூஹ். இரு தரப்பும் பணம் வைத்துவிட்டால் ஹறாம். பகடையை நம்பும் ‘நர்த்’ விளையாட்டையோ பணயம் இல்லாதபோதும் தடுத்தார்கள். கடதாசி போன்ற விளையாட்டுகள் பிற்காலத்தில் வந்தபோது, யோசனையில் தங்கியவற்றைச் சதுரங்கத்தோடும், வெறும் குருட்டுவாக்கில் தங்கியவற்றை நர்த்தோடும் சேர்த்து நோக்கினார்கள். திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். நன்கறிந்தே, பணயம் நுழைந்த இடத்தில் இரண்டையும் ஒரே தீர்ப்பின் கீழ் கொண்டுவந்தார்கள்.

அம்பெய்தல், குதிரையோட்டம், ஒட்டக ஓட்டம் ஆகியவற்றுக்குப் பரிசு வைக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. ஊர்த்தலைவர் பரிசு வைக்கலாம். போட்டியாளரில் ஒருவர் மட்டும் வைக்கலாம். இருவரும் பணம் வைத்து வென்றவர் இரண்டையும் எடுப்பதாயின், பணம் எதுவும் வைக்காத மூன்றாவது போட்டியாளர் ஒருவர், சமபலத்தோடு ஓடக்கூடியவர், இடையில் சேர வேண்டும். அவருக்கு ‘முஹல்லில்’ என்று பெயர். போர்ப் பயிற்சியாகிய அம்பெய்தலிலேயே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, நள்ளிரவில் போர்வைக்குள் கையடக்கத் தொலைபேசியில் நடக்கும் கடதாசி விளையாட்டுக்கு அந்த அனுமதியை இரவல் வாங்குவது எங்ஙனம்?

இனி, மூன்றாவது தடவை கணக்கெழுதியபோது எனக்கு உறைத்தது என்னவென்று சொல்கிறேன்.

நாம் எழுதிய 5000 ரூபா எங்கிருந்து வந்தது? வயலில் விளையவில்லை. தறியில் நெய்யப்படவில்லை. எதிரே இருந்தவரின் தவறிலிருந்து வந்தது. அவர் விலகியிருந்தால் நீங்கள் நடுவிலிருந்த ஆயிரத்தை மட்டும் எடுத்திருப்பீர்கள். அவர் விலகாமல், தனக்கு நட்டம் என்பதை அறியாமல், ஆசையினால் தொடர்ந்தபோதுதான் உங்களுக்கு மேலும் கிடைத்தது. எனவே தேர்ந்த ஆட்டக்காரர் விலையை மிக உயர்த்தவும் மாட்டார், மிகத் தாழ்த்தவும் மாட்டார். எதிரே இருப்பவர் மயங்கிக் கொடுக்கக்கூடிய, ஆனால் கொடுத்தால் நட்டப்படக்கூடிய தொகையைத் தேடிப் பிடிப்பார். கடதாசியைப் பாதுகாப்பது என்று அவர்கள் அழகாகச் சொல்வதன் உட்பொருள் இதுதான். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும் வரை ஒருவர் முழுமையான விசுவாசியாக மாட்டார் என்று நபிகளார் கற்பித்தார்கள். இங்கோ சகோதரன் தவறு செய்ய வேண்டும் என்று விரும்புவதே தொழிலாகிவிடுகிறது. திறமை கூடக்கூட அந்த விருப்பமும் கூர்மையடைகிறது. திறமை இச்சூதை ஹலாலாக்கவில்லை மகனே, பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதை அது துல்லியமாக்கியிருக்கிறது என்றுதான் அவனிடம் பின்னர் சொன்னேன்.

“வியாபாரமும் அப்படித்தானே? விவசாயியும் மீனவரும் நாளை என்ன கிடைக்கும் என்று அறியாமல்தானே இறங்குகிறார்கள்?” என்று அவன் திருப்பிக் கேட்டான். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பிரச்சினையே இது, ஒரு பதிலோடு விடமாட்டார்கள். நான் அவனைக் கடற்கரைக்கு மனதால் அழைத்துச் சென்றேன். கரைவலை இழுக்கிறார்கள். ஒரு நாள் வலை நிறைய மீன், மறுநாள் வெறும் பாசி. வலைக்குச் சொந்தக்காரருக்கும் இழுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. மீன் இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை. ஒருவருக்குக் கிடைப்பதற்காக அருகில் கயிறு பிடித்தவர் இழக்க வேண்டியதில்லை. மருதமுனையில் சாறன் நெய்பவர் விற்றுக் காசு பெறுகிறார், வாங்கியவர் உடுத்திக்கொண்டு போகிறார். பெரும்போகத்தில் வெள்ளம் வந்து வயலை அழித்தால் அது சோதனை. அயலவன் அழிந்ததால் என் வயல் விளைந்தது என்று எந்த விவசாயியும் கணக்கெழுதுவதில்லை. அச்சமும் நிச்சயமின்மையும் எல்லா உழைப்பிலும் உண்டு. ஸூறத்துன் நிஸாவின் 29ஆம் வசனம் ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்பதைத் தடுத்து, இருவரும் மனமொத்துச் செய்யும் வியாபாரத்தை விலக்களிக்கிறது. போக்கர் மேசையில் அமர்ந்தவர்களும் மனமொத்துத்தான் அமர்ந்தார்கள் என்று சொல்லாதீர்கள். தோற்பதற்கு மனமொத்து அங்கே அமர்ந்தவர் எவருமில்லை.

சரி, மார்க்கத்தை ஒரு கணம் ஒருபுறம் வைத்துவிட்டு, கணக்கை மட்டும் பார்க்கும் இளைஞருக்குச் சில வார்த்தைகள்.

உங்கள் இரண்டு ஆசை எதிர்த்து ஒருவர் இரண்டு இராசாவோடு முழுப் பணத்தையும் வைக்கிறார். நீங்கள் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 82. மிச்சம் 18, அதாவது ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு முழுப் பணத்தையும் இழக்கும் வாய்ப்பு அது. இதே நிலை அடுத்தடுத்து இரு தடவை வந்து, இரு தடவையும் தோற்பது 30க்கு ஒரு தடவை நடக்கக்கூடியது. அம்மாணவனுக்கு நடந்தது அதுவே. முதலிரண்டு மாதங்கள் அவன் வென்றான். பிறகு இரண்டு இரவுகளில் இரு தடவை ஆசு தோற்றது. மூன்றாவது இரவு அவன் கொப்பியைத் திறக்கவில்லை. இழந்ததை மீட்க வேண்டுமென்ற வெறியில், வீட்டுக்குக் கூரை போடுவதற்காக உம்மா குவைத்திலிருந்து அனுப்பி வைத்திருந்த பணத்தைத் திறந்தான். கணக்குத் தெரிந்த பிள்ளை கணக்கை மறந்தது அப்போதுதான்.

மேசையை நடத்துபவரின் கழிவு வேறு இருக்கிறது. ஒவ்வொரு குவியலிலிருந்தும் நூற்றுக்கு ஐந்து வரை எடுப்பது இத்தளங்களின் வழக்கம். ஆறு பேர் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாவோடு அமர்ந்தார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000. ஒரு சுற்றில் சராசரி 1000 ரூபா குவிகிறது, 50 ரூபா கழிவு. இணையத்தில் மணிக்கு 70 சுற்று ஓடும். ஒரு மணித்தியாலத்துக்கு 3500 ரூபா. 17 மணித்தியாலத்தில் 59,500. உண்மையான தளங்களில் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு, சில சுற்றுகளுக்குக் கழிவே இல்லை, ஆகவே இவ்வளவு விரைவில் முடியாது. ஆனால் பணம் போகும் திசை இதுதான். ஆறு பேரும் தங்களுக்குள் திறமையைக் காட்டிக்கொண்டிருக்க, ஒரு கடதாசியும் பிடிக்காதவர் மேசையைத் துடைத்துக்கொண்டு போகிறார்.

எதிரே இருப்பவர் யாரென்றாவது தெரியுமா? 2007இலும் 2008இலும் அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரு பெரிய தளங்களில், உள்ளிருந்தோர் சிலர் மற்றவர்களின் மறைத்த கடதாசிகளைப் பார்த்துக்கொண்டே விளையாடியது வெளிவந்தது. ஏமாற்றப்பட்டவர்கள் தாங்களே சுற்றுகளின் பதிவுகளை ஆராய்ந்து சந்தேகத்தைக் கிளப்பிய பின்னரே அது அம்பலமாயிற்று. நீங்கள் கடதாசியை எவ்வளவு அழகாகப் பாதுகாத்தாலும், எதிரி அதனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? 2011 ஏப்ரல் 15இல் அமெரிக்க அரசு மூன்று பெரும் போக்கர் தளங்களின் மீது வழக்குத் தொடுத்தது. அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட், ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ 39 கோடி டொலர், வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 6 கோடி டொலர் என்று அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை தெரிவித்தது. வென்றதாகத் திரையில் தெரிந்த தொகை பலருக்கு எண்ணாக மட்டுமே இருந்தது. பின்னர் ஓர் இணக்கத்தின் மூலமே அவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது.

2019இல் இன்னொன்று நடந்தது. அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து ‘புளூரிபஸ்’ என்ற கணினி நிரலை உருவாக்கின. ஆறு பேர் விளையாடும் மேசையில் அது உலகின் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்றது. அதனைப் பயிற்றுவிக்க எட்டு நாட்களும் 150 டொலருக்கும் குறைந்த கணினிச் செலவுமே போதுமாயிருந்தன. இன்று இரவு இரண்டு மணிக்கு உங்கள் மகனின் எதிரில் அமர்ந்திருப்பது மனிதனா இயந்திரமா என்று அவனால் எப்படி அறிய முடியும்? 169 கட்டக் கொப்பி அந்த இயந்திரத்துக்கு அரிச்சுவடி.

நாடுகளின் சட்டங்களும் இந்தத் ‘திறமை’ வாதத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டியுள்ளன. அக்கரையிலிருக்கும் தமிழ்நாட்டில், இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, 2022இல் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் சட்டசபை தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பினார். 2023 மார்ச்சில் சபை மீண்டும் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. கடைசியில் 2025 ஓகஸ்ட்டில் இந்தியப் பாராளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டும் கலந்ததோ, பணம் வைத்து இணையத்தில் விளையாடுவது எதுவாயினும் தடை என்றது அது. சதுரங்கம் பற்றி நம் இமாம்கள் எடுத்த முடிவுக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது பாருங்கள்.

நம் நாட்டில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் முதல் 2025இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வரை பல சட்டங்கள் வந்துள்ளன. பின்னையது தடைசெய்வதற்காக அன்றி, அனுமதித்து மேற்பார்வை செய்வதற்காக வந்தது. நாளை ஒரு தளம் அரசாங்கத்தின் உரிமப்பத்திரத்தைக் காட்டிக்கொண்டு உங்கள் மகனின் திரையில் தோன்றினால், அந்தப் பத்திரம் அதனை ஹலாலாக்கிவிடாது என்பதைப் பெற்றோர் இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதை அறிந்ததும் தொலைபேசியைச் சுவரில் அடித்து உடைத்துவிடுவது நம்மவரின் வழக்கம். வேறு தொலைபேசி கிடைக்க எவ்வளவு நேரமாகும்? கடன்தான் உடைபடாமல் இருக்கும். சுபஹுக்கு எழுப்பினால் எழாத பிள்ளை, வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்கும் பிள்ளை, நண்பரிடம் சிறுசிறு தொகையாக மாறல் வாங்கும் பிள்ளை, ஒரு நாள் காரணமின்றித் தாராளமாகவும் மறுநாள் எரிந்து விழுந்துகொண்டும் இருக்கும் பிள்ளை, இவனிடம் அமர்ந்து பேசுங்கள். எவ்வளவு போயிற்று என்று முதலில் கேட்காதீர்கள், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் வாப்பாமாரும் உம்மாமாரும் அக்காசு எந்தக் கணக்கில், எவர் கையில் இருக்கிறது என்பதை மாதமொரு தடவையேனும் விசாரியுங்கள். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சுப் பேசினால் அதனை நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மருத்துவரிடம் போவது ஈமானின் குறைவன்று.

இளைஞர்களே, வென்ற பணம் கையில் இருப்பவர்கள் அதனை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவரை அறிவீர்களாயின் அவரிடமே சேருங்கள். திரைக்குப் பின்னால் இருந்தவரை அறிய வழியில்லையெனில், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்கோ பொதுத் தேவைக்கோ கொடுத்து உங்கள் பொருளைச் சுத்தமாக்கிக்கொள்ளுங்கள் என்பதே அறிஞர்களின் வழிகாட்டல். அப்பணத்தில் பள்ளிவாசலுக்கு விசிறி வாங்கித் தருகிறேன் என்று பெருமையோடு வராதீர்கள். ஒட்டக இறைச்சியைப் பகிர்ந்தவர்களும் அப்படித்தான் பெருமை பேசினார்கள். இழந்தவர்களோ, இழந்ததை அங்கேயே மீட்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒரு நண்பனைச் சூதுக்கு அழைத்தவர்கூட அதற்காக ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். அழைத்ததற்கே இவ்வாறெனில் ஆடியதற்கு எவ்வளவு தௌபா வேண்டும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிச் சூதுக் கடனை அடைக்க முனைந்தால் ஒரு கிணற்றிலிருந்து ஏறி மற்றதில் விழுவீர்கள்.

அம்மாணவன் இரண்டு வாரம் என்னிடம் வந்துபோய்க்கொண்டிருந்தான். மார்க்கத் தீர்ப்பு அவனுக்கு முதல் நாளே விளங்கியிருந்தது. உம்மாவிடம் சொல்வதுதான் அவனால் இயலாதிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்னர், என் முன்னிலையிலேயே குவைத்துக்கு அழைப்பெடுத்தான். அவர் வேலை செய்யும் வீட்டில் பேச அனுமதிக்கப்பட்ட நேரம் கால் மணித்தியாலம். அதில் பாதி நேரம் அழுகையில் போயிற்று. மீதி நேரத்தில் அந்தத் தாய் ஏசவில்லை, கணக்குத்தான் கேட்டார். மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் என்றான். வங்கி அட்டையை அன்றே தன் மூத்த சகோதரனிடம், அதாவது அவனுடைய பெரிய மாமாவிடம், ஒப்படைக்கச் சொன்னார்.

இப்போது அவன் சாதாரண தர மாணவர்களுக்கு மாலையில் கணிதம் கற்பிக்கிறான். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாவை மாமாவின் கையில் கொடுக்கிறான். 169 கட்டங்கள் இருந்த கொப்பியின் பின்பக்கத்தில் அந்தக் கொடுப்பனவுகளைத் திகதியிட்டு எழுதி வருகிறான். சென்ற மாதம் எனக்குக் காட்டினான். ஒன்பது வரிகள் இருந்தன. கூரை இன்னும் போடப்படவில்லை.